பம்புத் தொழிற்சாலையில் கொள்முதல் செலவைக் குறைப்பது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

கோவையின் பீளமேடு, கணபதி, குறிச்சிப் பகுதிகளில் உள்ள ஏதாவது ஒரு பம்பு அல்லது மோட்டார் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேருபவருக்குப் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே வரும் கட்டளை, "வாங்குற விலையில அஞ்சு பர்சென்ட் குறைச்சுக் காட்டுங்க" என்பதுதான். அவரும் எல்லா சப்ளையர்களையும் தொலைபேசியில் அழைத்து ஐந்து விழுக்காடு கேட்பார். சிலர் மறுப்பார்கள், சிலர் இரண்டு விழுக்காடு தருவார்கள், புதிதாக ஒருவர் எட்டு விழுக்காடு குறைத்து விலைப்புள்ளி கொடுப்பார். மூன்று மாதம் கழித்து அசெம்பிளியில் கசிவு, வைண்டிங்கில் எரிந்த மோட்டார், ஸ்டோர்ஸில் கூடிப்போன எடை என்று அந்தப் பணம் வேறு வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். விலையைக் குறைப்பது ஒன்று, செலவைக் குறைப்பது வேறொன்று. இரண்டாவதை எப்படிச் செய்வது என்று, பம்புத் தொழிலை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: பன்னிரண்டு மாதக் கணக்கு

எந்த சப்ளையரிடமும் பேசுவதற்கு முன்பு, கடந்த பன்னிரண்டு மாதக் கொள்முதல் பதிவேட்டை டாலியிலிருந்தோ உங்கள் நிறுவனம் பயன்படுத்தும் வேறு மென்பொருளிலிருந்தோ எக்செல் தாளில் இறக்கி, பொருளின் பெயர், சப்ளையர், அளவு, விலை, தேதி ஆகிய ஐந்தையும் வரிசையாக வையுங்கள். பன்னிரண்டு மாதம் என்பது காரணத்தோடு சொல்வது: பம்பு விற்பனை கோடையை ஒட்டி ஏறி, மழைக்காலத்தில் இறங்கும் தொழில் ஆகையால், மூன்று மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் ஆண்டு முழுவதற்குமான தேவை தவறாகத் தெரியும்.

இந்தத் தாளில் முதலில் கண்ணில் படுவது பெயர்க் குழப்பமாகத்தான் இருக்கும். 6204 என்ற ஒரே பேரிங், 20 மி.மீ. உள்விட்டமும் 47 மி.மீ. வெளிவிட்டமும் 14 மி.மீ. அகலமும் கொண்டது, ஓரிடத்தில் "6204 இசட்இசட்" என்றும், இன்னோரிடத்தில் "6204 டூஇசட்" என்றும், மூன்றாவது இடத்தில் வெறும் "பேரிங் 6204" என்றும் பதிவாகியிருக்கும். முதல் இரண்டும் இரு பக்கமும் உலோக மூடி உள்ள ஒரே வகைதான், தயாரிப்பாளர்கள் வேறு வேறு விதமாகக் குறிக்கிறார்கள். மூன்று பெயரில், மூன்று டீலர்களிடம், மூன்று விலையில் வாங்கியிருப்போம். மூன்றையும் ஒரே குறியீட்டின் கீழ் கொண்டுவந்தாலே ஆண்டுத் தேவை ஒரே எண்ணாகத் திரண்டு, அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் ஆண்டு விலை ஒப்பந்தம் பேசும் வலு கிடைத்துவிடும். பேரிங்கைப் பொறுத்தவரை அங்கீகரிக்கப்பட்ட டீலர் என்பதில் எந்தத் தளர்வும் வேண்டாம், ஏனென்றால் போலிச் சரக்கு நிறையப் புழங்கும் பொருள் அது.

அடுத்து, அவசரக் கொள்முதல்களை மட்டும் தனியாகப் பிரித்து எழுதுங்கள். சில்லறைப் பணத்தில் கடைவீதியில் ஆள் அனுப்பி வாங்கியவை, பஸ் பார்சலில் வரவழைத்தவை, "இன்றே வேண்டும்" என்று கூடுதல் விலை கொடுத்தவை எல்லாம் இதில் அடங்கும். தனித்தனியாகப் பார்த்தால் சிறிய தொகைகள்தாம், ஆனால் ஆண்டுக்குக் கூட்டிப் பார்க்கும்போது முதலாளியே வியப்படையும் அளவுக்கு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தச் செலவைக் குறைக்க எந்த சப்ளையரின் சம்மதமும் தேவையில்லை. உற்பத்தித் திட்டத்தை ஒரு வாரம் முன்னதாகப் பெற்றாலே போதும்.

எந்தப் பொருளில் நேரம் செலவிடுவது

மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக அமைந்த மோனோபிளாக் பம்பு ஒன்றின் பொருட்செலவில், மோட்டாரில் சுற்றும் தாமிர வைண்டிங் வயர், ஸ்டாம்பிங் (மோட்டாருக்காக வெட்டிய மெல்லிய எஃகுத் தகடுகள்), வார்ப்புகள், ஷாஃப்ட் ஆகியவையே பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. மற்ற நூற்றுக்கணக்கான பொருள்கள் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆண்டுத் தொகையை இறங்குவரிசையில் அடுக்கினால் முதல் பதினைந்து, இருபது வரிகளிலேயே பணத்தின் பெரும்பங்கு இருப்பது தெரியும். உங்கள் நேரத்தின் பெரும்பங்கும் அங்கேதான் போக வேண்டும்.

ஆனால் தொகையை மட்டும் பார்ப்பது ஆபத்து. மெக்கின்சி நிறுவன ஆலோசகராக இருந்த பீட்டர் கிராலிச் 1983-இல் முன்வைத்த முறையில் இன்னொரு கேள்வியும் உண்டு: இந்தப் பொருள் நின்றுபோனால் வேறு இடத்தில் வாங்குவது எவ்வளவு கடினம்? ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலும், சிங்கிள் பேஸ் மோட்டாருக்கான கெப்பாசிட்டரும் பம்பின் விலையில் சிறு பங்கே. அவை வரவில்லை என்றால் முழுமையடையாத பம்புகள் வரிசையாக நிற்கும். அத்தகைய பொருள்களில் ஐம்பது பைசா குறைப்பதைவிட, இரண்டாவது சப்ளையர் ஒருவரைச் சோதித்துத் தயாராக வைப்பதே நல்ல வேலை. போல்ட், வாஷர், துடைக்கும் நூல் கழிவு (காட்டன் வேஸ்ட்), கிரீஸ் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை விலை பேசி முடித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

விலைப்புள்ளியில் தெரியாத செலவு

இனி வார்ப்புக்கு வருவோம். பம்புத் தொழிலில் கொள்முதல் செலவு என்றால் என்ன என்பதை வார்ப்பைப் போலத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

வார்ப்பிரும்பு கிலோ கணக்கில் விலை பேசப்படுகிறது. பம்பின் கேசிங் (வெளிக்கூடு) ஒன்றின் வரைபட எடை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதல் ஃபவுண்டரி (வார்ப்பாலை) கிலோ 98 ரூபாய் கேட்கிறது, வண்டி வாடகை நம்முடையது. அது கிலோவுக்கு 2 ரூபாய் 50 காசு ஆகிறது. இரண்டாவது ஃபவுண்டரி நம் வாசலில் இறக்கித் தந்து கிலோ 102 ரூபாய் கேட்கிறது. ஒப்பீட்டுத் தாளில் 100 ரூபாய் 50 காசுக்கும் 102 ரூபாய்க்கும் இடையில் போட்டி, எனவே முதல் ஃபவுண்டரிக்கே ஆர்டர் போகும்.

இப்போது தராசையும் லேத்தையும் கேட்போம். முதல் ஃபவுண்டரியின் வார்ப்பு சராசரியாக 10.4 கிலோ எடையில் வருகிறது. மணல் அச்சு போதிய இறுக்கம் இல்லாமல் இருந்தால் உருகிய இரும்பின் அழுத்தத்தில் அச்சு விரிந்து வார்ப்பு பருத்துவிடும். மணலில் அச்சு பதிக்கும் மாதிரியான பேட்டர்ன் தேய்ந்திருப்பதும், கடைந்து எடுப்பதற்காக விடும் கூடுதல் தடிமனை (மெஷினிங் அலவன்ஸ்) தேவைக்கு மேல் விடுவதும் இதே வேலையைச் செய்யும். ஆக ஒரு வார்ப்பின் விலை 1,019 ரூபாய் 20 காசு, வாடகை 26 ரூபாய், மொத்தம் 1,045 ரூபாய் 20 காசு. இரண்டாவது ஃபவுண்டரியின் வார்ப்பு 10.1 கிலோவில் வந்தால் அதன் விலை 1,030 ரூபாய் 20 காசு. வாசலுக்கு வந்து சேர்ந்தபோதே வரிசை தலைகீழாகிவிட்டது.

இதோடு நிற்கவில்லை. வார்ப்பின் உள்ளே இருக்கும் காற்றுத் துளை வெளியே தெரியாது. லேத்தில் கடைந்த பிறகோ ஹைட்ரோ டெஸ்டில் (நீரழுத்தச் சோதனை) தண்ணீர் கசிந்த பிறகோதான் தெரியும். ஃபவுண்டரி பழுதான வார்ப்புக்கு மாற்று கொடுத்துவிடும், ஆனால் கடைந்த கூலியை யார் கொடுப்பது? கடைசல் செலவு வார்ப்புக்கு 180 ரூபாய் என்றும், முதல் ஃபவுண்டரியில் நூற்றுக்கு 7, இரண்டாவதில் நூற்றுக்கு 2 வீதம் கடைந்த பிறகு கழிகிறது என்றும் கொண்டால், நல்ல வார்ப்பு ஒன்றின் மேல் ஏறும் வீண்கூலி முதலாவதில் (7 வார்ப்பின் கூலியை 93 நல்ல வார்ப்புகள் சுமப்பதால்) 13 ரூபாய் 55 காசு, இரண்டாவதில் 3 ரூபாய் 67 காசு. கூட்டிப் பார்த்தால் 1,058 ரூபாய் 75 காசும் 1,033 ரூபாய் 87 காசுமாக நிற்கிறது. வார்ப்புக்கு ஏறத்தாழ 25 ரூபாய் வித்தியாசம். மாதம் 500 கேசிங் வாங்கும் சிறு தொழிற்சாலையில் அது மாதத்துக்குப் பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைவு என்பதற்காக மார்ச் மாதத்தில், விற்பனை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், வார்ப்பு ஆர்டரை ஒரு புதிய ஃபவுண்டரிக்கு நான் மாற்றினேன். மாதிரி வார்ப்புகள் ஐந்தும் நன்றாகவே இருந்தன. முழு ஆர்டரில் வந்தவற்றில் கணிசமான கேசிங்குகள் ஹைட்ரோ டெஸ்டில் கசிந்தன, டீலர்களுக்குச் சொன்ன தேதிகள் தவறின, பழைய ஃபவுண்டரியிடம் திரும்பிப் போனபோது அவர்களுடைய அச்சுவரிசை வேறு ஆர்டர்களுக்குப் போய்விட்டிருந்தது. ஐந்து மாதிரி போதும் என்று முடிவெடுத்தது என் பிழை. அதற்குப் பிறகு, புதிய ஃபவுண்டரி எதுவானாலும் முதலில் ஐந்து, பிறகு ஐம்பது, பிறகு ஒரு மாதத் தேவையில் கால் பங்கு என்று படிப்படியாகவே ஏற்றுகிறேன், அதுவும் விற்பனை குறைந்த மாதங்களில் மட்டும்.

ஆகவே வார்ப்பு ஆர்டரில் எழுத வேண்டியவை இவை. இரும்பின் தரத்தை ஐ.எஸ். 210 தரநிலையின்படி, எஃப்ஜி 200 அல்லது எஃப்ஜி 260 என்று வரைபடத்தில் உள்ளவாறு குறிப்பிடுங்கள். ஒவ்வொரு வார்ப்புக்கும் ஏற்ற எடையை இருவரும் சேர்ந்து நிறுத்து முடிவு செய்து, அதற்கு மேல் இரண்டு விழுக்காடு வரையே பணம் தரப்படும் என்று எழுதுங்கள். கடைந்த பிறகு வெளிப்படும் வார்ப்புக் குறைக்குக் கடைசல் கூலியில் எந்தப் பங்கை ஃபவுண்டரி ஏற்கும் என்பதை முன்கூட்டியே பேசுங்கள், பிரச்சினை வந்த பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். பேட்டர்ன் யாருடையது, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் படத்தோடு பதிந்து வையுங்கள். நம் பணத்தில் செய்த பேட்டர்ன் ஃபவுண்டரியில் கிடந்து, உடைமைச் சான்று எதுவும் இல்லாமல் போனால், இடம் மாற்றும் சுதந்திரமே நமக்கு இருக்காது.

விலை எதனால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பது

விலைப்புள்ளியை ஒரே எண்ணாகப் பார்க்கும்வரை "குறையுங்கள்" என்பதைத் தவிர வேறு எதையும் நம்மால் கேட்க முடியாது. அந்த எண்ணுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்தால்தான் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது புரியும்.

வைண்டிங் வயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விலை, தாமிரத்தின் விலையும் கம்பி இழுத்து எனாமல் பூசும் மேக்கிங் சார்ஜும் சேர்ந்தது. தாமிர விலையை லண்டன் உலோகச் சந்தையின் டாலர் விலையும் ரூபாய் மதிப்பும் தீர்மானிக்கின்றன. தூத்துக்குடி உருக்காலை 2018 மே மாதம் மூடப்பட்டதற்குப் பின் இந்தியா சுத்திகரித்த தாமிரத்தை ஏற்றுமதி செய்வதைவிட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டதால், டாலரின் ஏற்றம் நம் ஊர்க் கம்பி விலையில் உடனே தெரியும். உங்கள் சப்ளையரால் இதில் ஒரு பைசாவும் மாற்ற முடியாது. தாமிரம் கிலோ 900 ரூபாய், மேக்கிங் சார்ஜ் 70 ரூபாய், ஆக 970 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, அவரிடம் ஐந்து விழுக்காடு குறைக்கச் சொன்னால் நாம் கேட்பது 48 ரூபாய் 50 காசு. அது அவருடைய 70 ரூபாயில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு. நேர்மையாகத் தொழில் செய்யும் எவராலும் அதைத் தர முடியாது. தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எனாமல் பூச்சின் தடிமனிலோ தாமிரத்தின் தூய்மையிலோ அது கழியும் என்பதை எதிர்பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கம்பி சுற்றிய மோட்டார் ஒரு விவசாயியின் கிணற்றில் எரிந்து திரும்பி வரும்போது, நாம் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு உத்தரவாதச் செலவாகப் போகும், அவர் பயிருக்குத் தண்ணீர் இல்லாத நாள்களை யாரும் ஈடு செய்ய முடியாது.

வைண்டிங் வயரில் செய்ய வேண்டியது வேறு. உலோக விலைக்கு முந்தைய மாதச் சராசரி, அல்லது ஆர்டர் நாளின் அறிவிக்கப்பட்ட விலை என்று ஒரு சூத்திரத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டு, மேக்கிங் சார்ஜை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பேசி முடிவு செய்யுங்கள். அதன் பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் தகராறு இல்லை. ஸ்பூலின் எடையைக் கழித்த நிகர எடைக்கே பணம் கொடுக்கப்படுவதைச் சில ஸ்பூல்களைச் சுற்றி முடித்த பிறகு நிறுத்து உறுதி செய்யுங்கள். கம்பியின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள்: 1.00 மி.மீ. கேட்ட இடத்தில் 1.01 மி.மீ. வந்தால், குறுக்குவெட்டுப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடுவதால், அதே நீளக் கம்பிக்கு இரண்டு விழுக்காடு கூடுதல் தாமிரத்துக்குப் பணம் கொடுக்கிறோம். கிலோ விலையில் இரண்டு விழுக்காடு குறைக்கப் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால், மைக்ரோமீட்டரைக் கையில் எடுப்பது எவ்வளவு எளிது என்பது விளங்கும்.

ஸ்டாம்பிங்கில் கேட்க வேண்டிய கேள்வி, வெட்டிய பிறகு மிஞ்சும் தகடு யாருக்குப் போகிறது என்பது. மோட்டாரின் அசையாத பகுதியான ஸ்டேட்டரின் நடுவிலிருந்து வெட்டி எடுத்த வட்டத்திலேயே, சுழலும் பகுதியான ரோட்டரின் ஸ்டாம்பிங்கும் வெட்டப்படுகிறது. அதற்கும் வெளியே மூலைகளில் மிஞ்சும் தகட்டுக்குப் பழைய இரும்பு விலை உண்டு. தகட்டுச் சுருளின் (காயில்) விலை, ஒரு துண்டுக்குப் பிடிக்கும் மொத்தத் தகட்டு எடை, கழிவின் மதிப்பு, பிரஸ் கூலி, டை (வெட்டும் அச்சு) பராமரிப்பு என்று சப்ளையரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், கழிவின் மதிப்பு விலையில் கழிக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பது இரண்டே வரியில் தெரிந்துவிடும்.

வார்ப்புக்கும் இதே போலப் பிரிக்கலாம்: பிக் அயர்ன், பழைய இரும்பு, குப்போலா உலையானால் கோக், இண்டக்ஷன் உலையானால் மின்சாரம், மணலும் பிசினும், ஆள்கூலி, கழிவு, லாபம். நீங்கள் முதல்முறை போடும் கணக்கு தப்பாகத்தான் இருக்கும். அதை அப்படியே ஃபவுண்டரிக்காரரிடம் காட்டுங்கள். எங்கே தப்பு என்று அவரே திருத்துவார். அந்தத் திருத்தத்தில்தான் நீங்கள் தொழிலைக் கற்றுக்கொள்வீர்கள்.

பேச உட்காரும்போது

சப்ளையரின் இடத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து பேசும்போது விலைதான் பேச்சாக இருக்கும், அவருடைய அச்சுவரிசையின் அருகில் நின்று பேசும்போது செலவு பேச்சாக மாறும். "நம்ம ஆர்டர்ல உங்களுக்கு எது சிரமம்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். ஒவ்வொரு வாரமும் அளவு மாறுகிறது, நாற்பது உருப்படிக்காகப் பேட்டர்ன் மாற்ற வேண்டியிருக்கிறது, வரைபடத்தில் தேவையில்லாத நுண்ணளவு போட்டிருக்கிறார்கள், பணம் எப்போது வரும் என்று தெரியவில்லை என்று பதில்கள் வரும். இவை ஒவ்வொன்றும் அவர் நம்மிடம் வாங்கும் விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும் செலவு. இவற்றில் பெரும்பாலானவற்றை நாம் மாற்றிக்கொள்ள முடியும், மாற்றிக்கொண்டு அதற்கு ஈடாக விலையில் பங்கு கேட்பதுதான் நியாயமான பேரம்.

மூன்று மாதத்துக்கான உத்தேசத் தேவையையும், அதில் முதல் மாதத்துக்கு உறுதியான அளவையும் கொடுக்க முடிந்தால் அது நல்ல தொடக்கம். வண்டியையும் கவனியுங்கள். மலுமிச்சம்பட்டிப் பக்கம் இருந்து ஒரு டெம்போ, அரசூர்ப் பக்கம் இருந்து இன்னொரு டெம்போ என்று பாதி நிரம்பிய வண்டிகள் தனித்தனியாக வருவதற்குப் பதில், வாரத்தில் குறித்த இரண்டு நாள்களில் நம் வண்டியே வழியில் உள்ள நான்கு இடங்களில் ஏற்றிக்கொண்டு வந்தால், வாடகை குறைவதோடு ஸ்டோர்ஸில் இறக்கும் வேலையும் ஒழுங்காகும்.

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது

ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் 1913-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் இதற்குப் போதுமானது. ஆண்டுத் தேவையை ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, ஓர் உருப்படியை ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அட்டைப்பெட்டி ஆண்டுக்கு 12,000 வேண்டும், பெட்டி ஒன்று 25 ரூபாய், முடங்கும் பணத்துக்கு 12 விழுக்காடு என்றால் வைத்திருக்கும் செலவு 3 ரூபாய், ஓர் ஆர்டருக்கு வண்டி, சரிபார்ப்பு, பதிவு எல்லாம் சேர்த்து 600 ரூபாய் என்று கொண்டால், விடை ஏறத்தாழ 2,200 பெட்டி. அதாவது ஆண்டுக்கு ஐந்தாறு முறை வாங்க வேண்டும்.

இதே சப்ளையர், ஒரே தடவையில் 6,000 வாங்கினால் 24 ரூபாய்க்குத் தருகிறேன் என்றால்? ஆர்டர் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து 6,573 ரூபாயிலிருந்து 9,840 ரூபாயாகக் கூடும், விலையில் 12,000 ரூபாய் மிஞ்சும், ஆகக் கணக்கின்படி லாபமே. ஆனால் பெட்டி நனையாமல் வைக்க இடம் உண்டா, பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள மாடல் விவரமோ மின்சிக்கன நட்சத்திரக் குறியீடோ ஆறு மாதத்துக்குள் மாறுமா என்ற இரண்டு கேள்விகளைச் சூத்திரம் கேட்பதில்லை. அச்சு மாறிப்போனதால் பயனற்றுப்போன பெட்டிகள் ஒரு மூலையில் அடுக்கிக் கிடக்காத தொழிற்சாலை அரிது.

வரைபடத்தில் இருக்கும் செலவு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூலப்பொருள் தட்டுப்பாட்டின்போது, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பணியாற்றிய லாரன்ஸ் மைல்ஸ், கேட்ட பொருள் கிடைக்காதபோது வாங்கிய மாற்றுப்பொருள் பல இடங்களில் விலை குறைவாகவும் வேலைக்குச் சரியாகவும் இருந்ததைக் கவனித்தார். அதிலிருந்து வளர்ந்த மதிப்புப் பகுப்பாய்வின் மையக் கேள்வி, "இந்தப் பாகம் செய்யும் வேலை என்ன, அந்த வேலையை வேறு எது செய்யும்?" என்பதுதான். கொள்முதல் பிரிவு தனியாக இதற்கு விடை காண முடியாது. வடிவமைப்பு, உற்பத்தி, தரப் பிரிவுகளை ஒரு மேசையில் உட்கார வைத்து, ஒரு பம்பைப் பிரித்துப் பாகங்களைப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் அதன் விலையை எழுதி ஒட்டிப் பாருங்கள். எட்டு மி.மீ. போல்ட்டில் 25, 30, 35 என்று மூன்று நீளங்கள் ஏன் என்ற கேள்வியை வழக்கமாக ஸ்டோர்ஸ் ஆள்தான் முதலில் கேட்பார்.

ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற பம்புகளில், மோனோசெட்டுக்கு (மோனோபிளாக் வகை) ஐ.எஸ். 9079, நீர்மூழ்கிப் பம்புசெட்டுக்கு ஐ.எஸ். 8034 என்று தரநிலைகள் இருக்கின்றன. செலவு குறைகிறது என்பதற்காக தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் பொருளையோ ஸ்டாம்பிங்கின் தரத்தையோ மாற்றினால் திறன் குறையலாம், எனவே முழுச் சோதனையும் தரப் பிரிவின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் இல்லாமல் ஆர்டரில் ஒரு சொல்லும் மாறக் கூடாது.

பணம் கொடுக்கும் நாளும் வரியும்

கடன் நாள்களை நீட்டுவதைச் சேமிப்பாக நினைக்கும் பழக்கம் நம் தொழிலில் பரவலாக உண்டு. சிறு சப்ளையரிடம் இது இப்போது சட்டப்படியும் செலவு மிகுந்தது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களிலும், இல்லாவிட்டால் 15 நாள்களிலும் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். இதற்கு மேல், 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற எண்ணில் கொண்டுவந்த விதி, இந்தக் காலக்கெடு தவறிய தொகையை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்கிறது. எனவே ஒவ்வொரு சப்ளையரின் உத்யம் சான்றிதழையும் (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவுச் சான்று) வாங்கிக் கோப்பில் வைத்து, யார் யாருக்கு எந்தக் கெடு என்று கணக்குப் பிரிவோடு சேர்ந்து பட்டியல் போடுங்கள்.

கையில் பணப்புழக்கம் இருந்தால் எதிர்த்திசையில் யோசிக்கலாம். 45 நாளில் கொடுக்க வேண்டியதை 7 நாளில் கொடுத்தால் 2 விழுக்காடு கழிவு தர ஒரு சப்ளையர் சம்மதித்தால், 38 நாள்களுக்கு முன் கொடுத்ததற்குக் கிடைக்கும் அந்தப் பயன் ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 19.6 விழுக்காட்டுக்குச் சமம். உங்கள் வங்கிக் கடனின் வட்டி அதைவிடக் குறைவாக இருந்தால், கடன் வாங்கிக் கொடுத்தாலும் லாபமே. வாரச் சம்பளத்துக்குத் திண்டாடும் சிறு பட்டறைக்காரருக்கு அந்தப் பணம் விலையைவிடப் பெரிய உதவி.

ஜி.எஸ்.டி.யில் ஒரு சோதனையை மட்டும் விடாமல் செய்யுங்கள். சப்ளையர் தன் விவரத்தாளைத் தாக்கல் செய்து, அந்த பில் ஜி.எஸ்.டி. தளத்தில் நமக்கு வரும் 2பி அறிக்கையில் இருந்தால்தான் உள்ளீட்டு வரி வரவு எடுக்க, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். 18 விழுக்காடு வரி உள்ள பொருளில் இந்த வரவு தவறினால், மூன்று விழுக்காடு மலிவாக வாங்கியதற்குப் பொருளே இல்லை. விற்றுமுதலில் குறைந்த விழுக்காடு வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களிடம் வாங்கும்போது வரவே கிடையாது என்பதையும் ஒப்பீட்டுத் தாளில் சேருங்கள். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளிப் பட்டறையில் கூலிக்குக் கடைந்து வாங்க, அனுப்பும் வார்ப்புகள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்பட்டு வரி கேட்கப்படும். லேத் பட்டறைகளில் கிடக்கும் நம் சரக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் எண்ணி வருவது, இந்த விதிக்காக மட்டுமன்றி, காணாமல் போகும் வார்ப்புகளுக்காகவும் தேவை.

மிச்சத்தைக் கணக்கில் காட்டுவது

ஆண்டு இறுதியில் முதலாளி கேட்கும்போது காட்டுவதற்கு, ஒவ்வொரு மாற்றத்தையும் செய்த நாளிலேயே ஒரு தாளில் பதியுங்கள்: பொருள், பழைய முழுச்செலவு, புதிய முழுச்செலவு, மாத அளவு, மாற்றத்தின் காரணம். தாமிர விலை இறங்கியதால் குறைந்ததை இந்தத் தாளில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், அடுத்த ஆண்டு அது ஏறும்போது அந்த ஏற்றத்துக்கும் நீங்களே பொறுப்பு ஏற்க வேண்டியிருக்கும். சந்தையால் வந்த மாற்றத்துக்கு ஒரு பத்தி, நம் செயலால் வந்த மாற்றத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதுவதே சரி. மூன்றாவதாக ஒரு பத்தியும் வைத்து, மாற்றம் செய்த பொருளின் கழிவு விழுக்காட்டையும் உத்தரவாதப் புகார்களையும் குறைந்தது ஓராண்டு வரை மாதந்தோறும் எழுதி வாருங்கள். வைண்டிங் வயர் மாற்றத்தின் விளைவு தொழிற்சாலையில் தெரியாது, அடுத்த கோடையில் சர்வீஸ் பிரிவுக்குத் திரும்பி வரும் மோட்டார்களின் எண்ணிக்கையில்தான் தெரியும். அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகே அந்த வரியில் இறுதித் தொகையை நிரப்புங்கள்.